மலையகத்தில் பழைய பெட்டரி டிவி சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய ரேடியோவையும் கிராமபோனையும் தேடிப்பிடித்து வைத்திருப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பழைய டிவியைத் தேடி வருபவர்கள் குறைவு. அதிலும் கைப்பிடி வைத்த, தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்னக் கருப்பு வெள்ளை டிவியைக் கேட்டுப் போனால், "அது எதுக்கு இப்ப?" என்றுதான் முதல் பதில் வரும். அந்தக் கேள்விக்கு இலங்கையின் மலையகத்தில் நல்ல பதில் இருக்கிறது. வெளிநாடுகளில் இந்த டிவி பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது டிவி. சமையலறையிலும் படகிலும் கேம்ப் போகும் இடத்திலும் வைத்துக்கொள்ள வாங்கியது. நம் தேயிலைத் தோட்டங்களில் பல வீடுகளில் இதுதான் ஒரே டிவி. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) கரண்ட் வராத காலத்தில், 12 வோல்ட் கார் பெட்டரியில் ஓடிய டிவி இதுதான். பெட்டரி இறங்கினால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் போட்டு வருவார்கள். ஒரு காம்பராவில் (லயத்து வீட்டில்) டிவி இருந்தால் லயமே அங்கே வந்து உட்காரும்.

அதனால் என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பார்க்கும் அழகான வெளிநாட்டு மாடல்களில் தொடங்காதீர்கள். நம் ஊரில், நம் சனங்கள் பார்த்த பெட்டரி டிவியில் தொடங்குங்கள். அது நம் மின்சாரத்துக்கும் நம் அலைவரிசைக்கும் பொருந்தும். ரிப்பேர் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதோடு, அதை வேறு யாரும் நமக்காகக் காப்பாற்றி வைக்கப் போவதில்லை.

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஏப்ரலில், ஐ.ரி.என். என்ற நிலையத்தின் மூலம். அதுவும் கொழும்பைச் சுற்றித்தான் தெரிந்தது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானின் உதவியோடு அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் இருப்பதால், டிவி மலைநாட்டுக்கு ஒழுங்காக வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தத் திகதிகள் பொது அறிவுக்காக மட்டுமல்ல, பேரம் பேசும்போதும் உதவும். "இது அறுபதாம் ஆண்டு டிவி, எங்க தாத்தா இதே வீட்டில பார்த்தது" என்று யாராவது சொன்னால், அறுபதுகளில் இங்கே பார்க்க ஒளிபரப்பே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பெட்டி உண்மையிலேயே அவ்வளவு பழையது என்றால், பிற்பாடு யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவை. பலவற்றைக் குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போன நம் பெண்கள் திரும்பி வரும்போது பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். மிச்சத்தை டவுன் கடைகளில் தவணைக்கு எடுத்தார்கள்.

உலகக் கதையையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ட்ரான்சிஸ்டரில் ஓடிய முதல் தூக்கு டிவி 1959இல் அமெரிக்காவில் வந்த ஃபில்கோ சஃபாரி. அதில் இரண்டு அங்குலப் படத்தைக் கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சொனி தன் 8 அங்குல டிவி8-301ஐக் கொண்டுவந்தது. 1962இல் 5 அங்குல மைக்ரோ டிவி, 1970இல் விண்வெளி வீரரின் தலைக்கவசம் போன்ற ஜே.வி.சி. வீடியோஸ்பியர், 1977இல் இங்கிலாந்தின் சின்க்ளேர் மைக்ரோவிஷன். ரூபவாஹினி தொடங்கிய அதே 1982இல்தான் ஜப்பானில் சொனி வாட்ச்மேன் வந்தது. இவை எல்லாம் ஆசை காட்டும் பொருட்கள். பின்னால் வாங்கலாம்.

எதை வாங்குவது

தொடங்குபவருக்கு நான் சொல்வது: 12 அல்லது 14 அங்குலக் கருப்பு வெள்ளை, பின்பக்கம் 12 வோல்ட் டி.சி. துளை உள்ளது, சனலைத் திருப்ப டக் டக்கென்று சத்தம் போடும் குமிழ் வைத்தது. நெஷனல், சன்யோ, ஹிட்டாச்சி, ஷார்ப், கோல்ட்ஸ்டார் என்று எந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் சர்க்கிட் எளிமையானது. பாகங்களுக்கு மாற்று கிடைக்கும். 5 அங்குல டிவியும் ரேடியோவும் சேர்ந்த பெட்டிகள் அடுத்த படி. அவை பார்க்க அழகு, மேசையில் வைக்கவும் சுலபம். ஆனால் உள்ளே எல்லாம் நெருக்கி வைத்திருப்பதால் கை வைக்கக் கஷ்டம்.

சின்னக் கலர் டிவிகளைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். எல்.சி.டி. பாக்கெட் டிவிகளையும் அப்படித்தான். அவற்றின் சின்னக் கண்டென்சர்கள் ஒழுகி போர்டையே அரித்துவிடும். நம் ஈரக் காற்றில் அந்தத் திரையின் மேல் ஒட்டிய ஃபில்மும் கெட்டுப்போகும். காசு கொடுத்துக் கவலையை வாங்கியது போல ஆகிவிடும்.

வாங்கும் முன் சனல் குமிழைப் பாருங்கள். எந்த நாட்டுக்குச் செய்த டிவி என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். 2 முதல் 12 வரையும், யு.எச்.எஃப். (மேல் அலைவரிசை) பக்கம் 21 முதல் 69 வரையும் எண் இருந்தால் அது நம்முடைய முறை. வளைகுடாவிலிருந்து வந்தவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 2 முதல் 13, பிறகு 14 முதல் 83 என்று இருந்தால் அமெரிக்காவுக்குச் செய்தது. 1 முதல் 12, பிறகு 13 முதல் 62 என்றால் ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கானது. இந்த இரண்டு நாட்டிலும் ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும், நமக்கு 5.5. அதனால் நம் ஒளிபரப்பில் படம் ஒருவழியாக வந்தாலும் சத்தம் வராது. இங்கிலாந்து டிவிக்கும் சத்தத்தில் இதே பிரச்சினை: அவர்களுக்கு 6 மெகாஹேர்ட்ஸ். பெரும்பாலும் யு.எச்.எஃப். மட்டுமே பிடிக்கும். ஜப்பான் உள்ளூர் டிவியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் ப்ளக்கில் நேரே சொருகினால் ட்ரான்ஸ்போமர் போய்விடும். அப்படிப்பட்டதை 12 வோல்ட்டில் மட்டும் ஓட்டுங்கள்.

எங்கே தேடுவது

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான்கள் மலைபோல் கிடைக்கும். ஆனால் பழைய டிவிக்காக அங்கே போகத் தேவையில்லை. பாகங்கள் வாங்க மட்டும் போனால் போதும். நம் பக்கத்தில் தேட வேண்டிய முதல் இடம் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, நாவலப்பிட்டி போன்ற டவுன்களில் இருக்கும் பழைய ரேடியோ, டிவி ரிப்பேர் கடைகள். கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் பெட்டிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கடைக்காரர் வயதானவராக இருந்தால் அவரோடு முதலில் பழகுங்கள். முதல் நாளே விலை பேசாதீர்கள். ஒரு பியூஸ், ஒரு வயர் என்று ஏதாவது வாங்குங்கள். "ஐயா, அந்தக் காலத்தில பெட்டரி டிவி நிறைய வந்திருக்கும் தானே?" என்று கேட்டால் போதும், அவரே பேசத் தொடங்கிவிடுவார். பிறகு உங்கள் டிவியைத் திருத்தப் போவதும் அவரே என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது பழைய இரும்பு வாங்குபவர்கள். தோட்டம் தோட்டமாகப் போகும் அவர்களிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவையுங்கள். டிவி வந்தால் உடைக்காமல் கூப்பிடச் சொல்லுங்கள். செம்புக் கம்பிக்காகப் பிக்சர் டியூப்பின் (படம் காட்டும் கண்ணாடிக் குழாயின்) கழுத்தை உடைத்துவிடுவார்கள். அதனால் "உடைக்காமல்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே அவர்களுக்குச் சந்தோஷம்.

மூன்றாவது வழி, வீடுகள். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். லயத்துக்குப் போய் "பழைய டிவி இருக்கா?" என்று நேரே கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். மறைத்துச் சொல்வதில்லை, ஞாபகம் வராது. வேறு மாதிரி கேளுங்கள். "தொண்ணூற்றாறு வேர்ல்ட் கப் ஃபைனல் எதில பார்த்தீங்க அக்கா?" என்று கேளுங்கள். 1996 மார்ச் 17, லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்ற நாள். அதை எங்கே, யார் வீட்டில், எந்த டிவியில் பார்த்தார்கள் என்பது அந்த வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படியே ஞாபகம் இருக்கும். "மேல் லயத்து மாமா வீட்டுல, பெட்டரியில போட்டுப் பார்த்தோம்" என்பார்கள். அந்த மாமா வீட்டில் கூரைக்குக் கீழே பலகைத் தட்டில், விறகுக்கும் பழைய சாக்குக்கும் நடுவில் டிவி கிடக்கலாம்.

வீட்டில் வாங்கும்போது நியாயமாக நடந்துகொள்ளுங்கள். இந்தப் பெட்டிக்காக ஒரு காலத்தில் பல மாதச் சம்பளத்தைச் சேர்த்திருப்பார்கள். சும்மா கொடுக்க முன்வந்தாலும் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுக்க மனம் இல்லை என்று தெரிந்தால் வற்புறுத்தாதீர்கள். ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இணையத்தில் இக்மன் போன்ற விற்பனைத் தளங்களிலும் சில நேரம் வரும். ஆனால் அங்கே "அன்டிக்" என்று பெயர் வைத்துவிட்டால் விலை ஏறிவிடும்.

வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியவை

ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்த பெட்டிக்குத் திடீரென்று கரண்ட் கொடுத்தால், நல்ல நிலையில் இருந்ததும் போய்விடும். "ஓடும், போட்டுக் காட்டவா?" என்று விற்பவர் கேட்டாலும், வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கண்ணால் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். திரையில் வெடிப்பு, ஆழமான கீறல் இருக்கிறதா? பின்மூடியின் காற்றுத் துளை வழியாக டோர்ச் அடித்துப் பாருங்கள். பிக்சர் டியூப்பின் கழுத்து முழுதாக இருக்கிறதா? கண்ணாடிக்குள் வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பு கழுத்துப் பக்கம் தெரிந்தால் நல்லது. அதே இடம் பால் ஊற்றியது போல வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த டியூப் முடிந்தது. அப்படியானதைப் பாகங்களுக்காக மட்டும் வாங்கலாம்.

குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். சனல் குமிழ் இறுகிப்போயிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம், உள்ளே ப்ளாஸ்டிக் பல் உடையும். இழுக்கும் அன்டனா முறிந்திருந்தால் கவலை இல்லை, மாற்றலாம். ஆனால் குமிழ்களும் பெட்டரி மூடியும் காணாமல் போயிருந்தால் யோசியுங்கள். அவை திரும்பக் கிடைப்பது டியூப் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

பின்மூடியின் திருகாணிகளைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே மாதிரியாக, தலை தேயாமல் இருந்தால் யாரும் அதிகம் கை வைக்கவில்லை. நாலு வகைத் திருகாணி இருந்தால் நாலு பேர் திறந்திருக்கிறார்கள். அப்புறம் பெட்டரி வயர். அந்தக் காலத்து வயர், அதன் முனையில் துருப்பிடித்த இரண்டு க்ளிப், அதில் சிவப்புத் துணியோ நூலோ கட்டி எது ப்ளஸ் என்று அடையாளம் வைத்தது, இவை டிவியோடு இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மின்சாரத்துக்கு அதைப் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் சேகரிப்புக்கு அதுதான் உயிர். டிவி பெட்டி ஜப்பானில் ஆயிரக்கணக்கில் செய்தது. அந்த வயரைக் கட்டியவர் நம் லயத்துக்காரர்.

தூக்கிக்கொண்டு வரும்போது

கைப்பிடியை நம்பாதீர்கள், பழைய ப்ளாஸ்டிக் அங்கேதான் விடும். திரையை உங்கள் நெஞ்சுப் பக்கம் வைத்து அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். பஸ்ஸில் என்றால் மடியில், ஆட்டோவில் என்றால் பின்சீட்டில் ஒரு தலையணை மேல், திரை கீழே பார்க்க வைத்து வாருங்கள். டியூப்பின் கனமான பக்கம் திரைதான். நம் வளைவுகளில் டிக்கியில் போட்டால் கழுத்து அதிர்ந்தே உடையும்.

வீட்டுக்கு வந்ததும் குறைந்தது ஒரு வாரம் காய விடுங்கள். நுவரெலியாப் பக்கம் என்றால் இன்னும் கூட. வெயிலில் வைக்கக் கூடாது, அடுப்புக்குப் பக்கத்திலும் கூடாது. காற்றோட்டமான அறையில், முடிந்தால் பக்கத்தில் ஒரு பல்ப் எரிய விட்டு வையுங்கள். அந்த நேரத்தில் வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்யலாம். லயத்திலிருந்து வரும் டிவிகளில் விறகடுப்புப் புகை படிந்து பிசுபிசுப்பாக ஒரு மஞ்சள் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். பெயர் அச்சிட்ட இடத்தில் தின்னர், ஸ்பிரிட் எதையும் தொட விடாதீர்கள். எழுத்து துணியோடு வந்துவிடும். பெட்டரி அறையில் டோர்ச் பெட்டரி ஒழுகிக் காய்ந்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள்.

திறக்கும் முன்

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போது, 12 வோல்ட்டில் ஓடும் டிவியாக இருந்தாலும் பிக்சர் டியூப்புக்கு உள்ளேயே சுமார் 10,000 வோல்ட் உண்டாக்கிக் கொடுக்கிறது. சுவிட்சை நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றிய பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டியூப்பின் பக்கத்தில் ரப்பர் தொப்பி போட்டு ஒரு தடித்த வயர் போகும். அதைத் தொடக் கூடாது. அதை டிஸ்சார்ஜ் செய்ய முறை இருக்கிறது: டியூப்பைச் சுற்றியிருக்கும் எர்த் கம்பியில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையை நல்ல கைப்பிடி போட்ட திருப்புளியில் கட்டி, அந்தத் திருப்புளியை ரப்பருக்குள் மெதுவாக நுழைக்க வேண்டும். ஆனால் புத்தகத்தைப் பார்த்தோ இதைப் பார்த்தோ தனியாகச் செய்யாதீர்கள். அந்த ரிப்பேர் கடை ஐயா பக்கத்தில் நின்று முதல் தடவை காட்டித் தரட்டும். அதுவரை பின்மூடியைக் கழற்ற வேண்டாம்.

டியூப்புக்குள் காற்று இல்லை. கழுத்தில் அடிபட்டால் உள்வாங்கி உடையும், கண்ணாடி பறக்கும். கழுத்தைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திறந்த டிவியை மேசையில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

முதல் தடவை போடுவது

இதற்கு 12 வோல்ட் வழிதான் பாதுகாப்பானது, நம் ஊர்க் கதைக்கும் அதுதான் பொருத்தம். பெரிய கார் பெட்டரி தேவையில்லை, யு.பி.எஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி சின்னப் பெட்டரி போதும். பெட்டரிக்கும் டிவிக்கும் நடுவில் 2 ஆம்பியர் பியூஸ் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். பெட்டரி ஷோர்ட் ஆனால் வயர் தீப்பிடிக்கும். பிறகு டி.சி. துளைக்குப் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நடு முள் ப்ளஸ்ஸா மைனஸ்ஸா என்று அதில் போட்டிருக்கும். கம்பனிக்குக் கம்பனி இது மாறும். மாற்றிக் கொடுத்தால் நல்வாய்ப்பாகப் பியூஸோடு போகலாம், இல்லாவிட்டால் உள்ளே எரியும். மீட்டரால் பார்த்து உறுதி செய்யாமல் சொருகாதீர்கள்.

பிரைட்னஸ் குமிழை நடுவில் வைத்துப் போடுங்கள். உங்கள் கண், காது, மூக்கு மூன்றும் வேலை செய்ய வேண்டும். முதலில் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். டியூப்பின் கழுத்துக்குள் சின்னதாகச் செம்மஞ்சள் வெளிச்சம் தெரியும். கொஞ்ச நேரத்தில் திரையில் வெளிச்சம் வந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், பாதிக்கு மேல் தப்பித்துவிட்டீர்கள். கருகிய வாசமோ, வறுப்பது போன்ற சத்தமோ வந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

12 அங்குல டிவி ஒன்று முதல் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அந்தக் காலத்து 40 ஆம்பியர்-மணி கார் பெட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் பதின்மூன்று முதல் இருபது மணி நேரம் போல வரும். அதனால்தான் லயத்தில் நாடகம், செய்தி, படம் என்று கணக்குப் பார்த்துப் போட்டார்கள். பெட்டரி முடியப்போகும்போது படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கும். அதைப் பார்த்தே "நாளைக்கு சார்ஜ் போடணும்" என்பார்கள். நீங்கள் ஓட்டும்போதும் படம் சுருங்கினால் முதலில் பெட்டரியைப் பாருங்கள், டிவியைச் சந்தேகப்படாதீர்கள். சார்ஜர் போட்டிருக்கும்போது அதே பெட்டரியில் டிவியை ஓட்டாதீர்கள், வோல்ட் 14ஐத் தாண்டும்.

சி.சி.டி.வி. கெமராவுக்கு வரும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடப்டரிலும் ஓடும். ஆனால் சில அடப்டர்கள் படத்தில் கோடுகளைப் போடும். பெட்டரியில் படம் எப்போதும் சுத்தம்.

படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது

திரையின் நடுவில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி வேலை செய்யவில்லை. உடனே பிரைட்னஸைக் குறையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோடு திரையிலேயே எரிந்து நிரந்தரமாகப் பதிந்துவிடும். படம் முழுதாக விரியாமல் மேலே அல்லது கீழே கறுப்புப் பட்டை இருந்தால் பெரும்பாலும் காய்ந்துபோன கண்டென்சர்தான் காரணம். மாற்றினால் சரியாகிவிடும். படம் உருண்டுகொண்டே போனால் பின்பக்கம் வி.ஹோல்ட் குமிழைத் திருப்புங்கள். சாய்ந்த கோடுகளாகக் கிழிந்தால் எச்.ஹோல்ட்.

சத்தம் வருகிறது, திரை இருட்டாக இருக்கிறது என்றால் ஃப்ளைபேக் (டியூப்புக்கு உயர் வோல்ட் கொடுக்கும் ட்ரான்ஸ்போமர்) பக்கம் பார்க்க வேண்டும். அது நம் ஈரத்தில் அடிக்கடி போகும் பாகம், கிடைப்பதும் கஷ்டம். அதனால் உடைந்த டிவி எது கிடைத்தாலும் ஃப்ளைபேக்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி நன்றாக விழுகிறது, ஆனால் எந்தச் சனலும் வரவில்லை என்றால் டியூனர் (சனலைப் பிடிக்கும் பகுதி) அழுக்காக இருக்கலாம். கொண்டாக்ட் க்ளீனர் கொஞ்சம் அடித்து, குமிழை முன்னும் பின்னும் பல தடவை திருப்பினாலே பல டிவிகள் உயிர் பெறும்.

எதைப் பார்ப்பது

பல வீடுகளில் இப்போது டிஷ் இருக்கிறது. ஆனால் பழைய டிவியின் இன்பம் அன்டனாவில் பிடிப்பதில்தான். பிதுருதலாகலை நேரே தெரியும் இடம் என்றால் இழுக்கும் அன்டனாவிலேயே படம் வரலாம். மலைக்குப் பின்னால், பள்ளத்தாக்கில் என்றால் கூரைமேல் அன்டனா வேண்டும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, ஒருவர் உள்ளிருந்து "வருது... வருது... போச்சு!" என்று கத்தும் பழைய முறைதான் இன்றைக்கும் சரியான முறை. ஒரே ஆளுக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னொரு ஆள் தெரிந்தால் டிவியில் பிழை இல்லை. எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வருகிறது. அன்டனாவின் திசையை மாற்றினால் குறையும். இடி மின்னல் நேரத்தில், முக்கியமாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், அன்டனா வயரைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

டிஜிட்டல் முறைக்கு மாறப்போவதாக நீண்ட காலமாகப் பேச்சு நடக்கிறது. பழைய ஒளிபரப்பு நின்றாலும் இந்த டிவி சாகாது. ஆர்.எஃப். மொடியுலேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிவிடி ப்ளேயர், டிஷ் பெட்டி, போன் எதிலிருந்து வரும் படத்தையும் அது ஒரு சனலாக மாற்றிக் கொடுக்கும். வாங்கும்போது இரண்டை மட்டும் கேளுங்கள்: ஒலி 5.5க்கு வைக்க முடியுமா, உங்கள் டிவியில் வி.எச்.எஃப். (கீழ் அலைவரிசை, 2 முதல் 12) மட்டும் இருந்தால் அதில் கொடுக்குமா. அமெரிக்க, ஜப்பான் டிவிகளுக்கும் இதே வழிதான். அவற்றின் முறைக்கேற்ற மொடியுலேட்டரும், அந்த நாடுகளின் பட முறையான என்.டி.எஸ்.சி.யில் வைத்த டிவிடி ப்ளேயரும் இருந்தால் படமும் சத்தமும் வரும்.

வைத்திருப்பது

நம் எதிரி ஈரம். பொலித்தீனில் சுற்றி வைப்பது நல்லது என்று நினைப்பார்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் அல்லாமல் பலகையில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் இரண்டு தடவையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள். டியூப்பின் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை ஓட்டிவிடும். ஓட்டாமல் அலுமாரியில் அழகு பார்க்கும் டிவிதான் முதலில் கெடும். பல்லியும் கரப்பானும் காற்றுத் துளை வழியாக உள்ளே போகும். மெல்லிய வலைத்துணி ஒட்டி அடைக்கலாம், ஓட்டும்போது எடுத்துவிட வேண்டும். டோர்ச் பெட்டரிகளை ஒருபோதும் உள்ளே விட்டு வைக்காதீர்கள்.

ஒவ்வொரு டிவிக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாடல் எண், பின்பக்க லேபல், என்ன பாகம் மாற்றியது என்பது ஒரு பாதி. மற்றப் பாதியில் யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது யார், பெட்டரியை எங்கே சார்ஜ் போட்டார்கள், எத்தனை பேர் கூடி உட்கார்ந்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பெட்டியை வாங்கும் அன்றே இதைச் செய்யுங்கள். டிவியைப் பத்து வருடம் கழித்தும் திருத்தலாம், சொல்ல ஆள் இருக்காது.

திருத்தவே முடியாததைக் குப்பையோடு போடாதீர்கள். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கும். வடிகானிலும் தேயிலை மலையிலும் உடைத்துப் போட்டால் அது மண்ணில் இறங்கும், கொழுந்து எடுப்பவர்களின் காலையும் கிழிக்கும். நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு, டியூப்பை உடையாமல் பெட்டியிலேயே வைத்து, மின்சாதனக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். உங்கள் பிரதேச சபையில் கேட்டால் எங்கே, எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள்.